கழுவெளிக்கு வழி விடுங்கள்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் கார்களில் மரக்காணத்தில் நிற்பவை குறைவு. நிற்கிறவர்களும் சாலையோரத்து உப்பளங்களையும் வெள்ளை வெள்ளையாய்க் குவித்த உப்பு அம்பாரங்களையும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பாத்திகளுக்கும் அப்பால், சாலைக்கு மேற்கே, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று கிடக்கிறது. அதுதான் கழுவெளி.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் இந்தச் சதுப்பு, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் 16-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151.6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 12,700 ஏக்கர். 2024 ஆகஸ்ட் 14 அன்று, திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்த்து, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் தகுதியும் இதற்கு வந்தது. திண்டிவனத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனாலும், பறவை பார்க்க வேண்டும் என்றால் திண்டிவனத்துக் குடும்பங்கள் இன்றைக்கும் வடக்கே வேடந்தாங்கலுக்குத்தான் வண்டி ஏறுகின்றன. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். அதைப்போல நூற்று எழுபது மடங்கு பெரிய சரணாலயம் வீட்டு வாசலில் இருப்பது பலருக்கும் தெரியாது.

இனி தெரியவரும். ராம்சார் பெயர்ப்பலகைக்குப் பின்னால் சுற்றுலா வருகிறது. மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் கூட்டம் வருவதற்கு முன்பே ஒரு காரியத்தை நாம் புரிந்துகொண்டாக வேண்டும். கழுவெளியை உயிரோடு வைத்திருப்பது மேற்கிலிருந்து இறங்கும் மழைநீரும் கிழக்கிலிருந்து ஏறும் கடல்நீரும் அங்கே கலப்பதுதான். அந்த இரண்டு வழிகளும் திறந்திருக்கும்வரைதான் அங்கே பறவை, மீன், பார்க்க வரும் மனிதர் எல்லாம்.

ஏரிகளின் கடைசி ஏரி

திண்டிவனம், வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் பெய்யும் மழை நேராகக் கடலுக்குப் போவதில்லை. ஓர் ஊரின் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்த ஊரின் ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு என நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் சங்கிலியில் அது கிழக்கே இறங்குகிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி கழுவெளி. வடகிழக்குப் பருவமழை வலுத்து ஐப்பசி, கார்த்திகையில் மேல் ஏரிகள் எல்லாம் கோடி போனால் கழுவெளி பெருகும். மழை பொய்த்து மேல் ஏரிகளிலேயே நீர் நின்றுவிட்டால் இதற்குக் கிடைப்பது குறைவு. ஆகவே கழுவெளியின் கதை அதன் எல்லைக் கல்லுக்குள் தொடங்குவதல்ல. மயிலம் பக்கத்து ஏரி ஒன்றின் வரத்துக் கால்வாயில் யாரோ கொட்டும் கட்டடக் குப்பையும் கழுவெளியின் கதைதான்.

மறு பக்கத்தில், வடகிழக்கு மூலையிலிருந்து புறப்படும் உப்புக்கல்லி ஓடை கழுவெளியை இடையன்திட்டுக் கழிமுகத்தோடு இணைக்கிறது. வெள்ளக் காலத்தில் அந்த ஓடை நீரை வெளியேற்றும் வடிகால். மழை ஓய்ந்து ஏரி இறங்கிய பிறகு அதே ஓடை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் அதன் வழியாக உள்ளே வருகிறது. இதனால் ஒரே சரணாலயத்துக்குள் மூன்று உலகங்கள் இருக்கின்றன: தென்மேற்கே கோரையும் சம்பும் அடர்ந்த நன்னீர்ப் படுகை, நடுவே உப்பு ஏறி இறங்கும் ஓடை, வடக்கே முழு உவர்நீர்க் கழிமுகம்.

ஆழம் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஆள் நடந்துபோகும் அளவுதான். மார்கழியில் கடல் போலத் தெரியும் பரப்பு, வைகாசியில் வெடித்த சேற்றுத் தரையாகக் கிடக்கும். இந்த வறட்சியைப் பார்த்துவிட்டு ‘வீணாய்க் கிடக்கிற நிலம்’ என்று நினைத்தவர்கள் பலர். அது வீண் அல்ல. வெயிலில் காய்ந்து வெடிக்கும் சேற்றில் அழுகிய தாவரங்கள் உரமாகின்றன. அடுத்த மழையில் அதிலிருந்து நீர்ப்பாசியும் புழுவும் நத்தையும் பெருகுகின்றன. கழிமுகம் வழியாக வரும் இறால் குஞ்சுகளும் மடவை, கொடுவா மீன்களின் குஞ்சுகளும் அந்த ஆழமற்ற, வெதுவெதுப்பான நீரில் வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கடலில் வலை வீசும் மீனவர்கள் பிடிக்கும் மீனில் ஒரு பங்கு இப்படிக் கழியில் வளர்ந்து போனதுதான்.

வெள்ளத்தைத் தாங்கும் வேலையும் கழுவெளிக்கு உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் தன் நினைவில் காணாத வெள்ளத்தைப் பார்த்தது. அப்படி ஒரு மழை நீர் பரவி நிற்க ஐம்பது சதுர கிலோமீட்டர் தாழ்நிலம் கடலோரத்தில் காலியாக இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அந்த வாரம் சொல்லிக்கொடுத்தது.

காலுக்கு ஏற்ற பந்தி

ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி வரை கழுவெளியில் விருந்தாளிகள். சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்தும் இமயத்தைத் தாண்டி இந்தியப் பெருங்கடல் வரை நீளும் ‘நடு ஆசியப் பறவை வலசைப் பாதை’யில் இது ஒரு நிறுத்தம். சுமார் முப்பது நாடுகளின் வானத்தைக் கடக்கும் பாதை அது.

ஆழமற்ற நீரில் சில அங்குல வேறுபாடுகூட யார் எங்கே சாப்பிடுவது என்பதை முடிவு செய்துவிடுகிறது. ஈரச் சேற்றின் விளிம்பில் சிட்டுக்குருவி அளவேயான கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துகின்றன. கொஞ்சம் உள்ளே, கணுக்கால் அளவு நீரில், செக்கச் சிவந்த நீண்ட கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள். அதற்கும் உள்ளே நீண்ட நேரான அலகைச் சேற்றில் முழுக்கச் செருகும் கருவால் மூக்கன்கள். முழங்கால் ஆழத்தில் அலகை இடமும் வலமும் வீசிச் சல்லடை போடும் கரண்டிவாயன்கள், வளைந்த அலகுள்ள வெள்ளை அரிவாள் மூக்கன்கள், மஞ்சள் மூக்கு நாரைகள், நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுத்துத் தின்னும் நத்தைகுத்தி நாரைகள். ஆழம் கூடும் இடத்தில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகிய வாத்துக் கூட்டங்கள். எல்லாவற்றுக்கும் நடுவே மிதந்து பைபோன்ற அலகால் மீனை அள்ளும் கூழைக்கடாக்கள். ஒரே பந்தியில் அவரவர் இலை அவரவர்க்கு. யாரும் யாருடைய இலையிலும் கை வைப்பதில்லை.

இந்தப் பந்தியில் பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பவை பூநாரைகள். கழிமுகப் பக்கத்து உவர்நீரில் அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்பாசிகளையும் சிற்றுயிர்களையும் வடித்து உண்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு அந்த உணவிலிருந்து வருவது. உவர்நீரின் உப்பளவு மாறினால் அந்தச் சிற்றுயிர்கள் மாறும். அவை மாறினால் பூநாரை வேறு இடம் தேடும். பறவைகளைப் பொறுத்தவரை உப்பு என்பது இரையின் அளவுகோல்.

சேற்றுப் பூனைப்பருந்துகள் கோரைமேல் தாழப் பறந்து இரை தேடும். விராலடிப்பான் நேர் கீழே பாய்ந்து மீனோடு எழும். கழிமுகத்து மணல்திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் காற்றை எதிர்நோக்கி வரிசையாக அமர்ந்திருக்கும். இவையெல்லாம் சேர்ந்துதான், சரணாலய அறிவிப்புக்கு நெடுநாள் முன்பே, கழுவெளியையும் இடையன்திட்டுக் கழிமுகத்தையும் இந்தியாவின் முக்கியப் பறவை வாழிடங்களில் ஒன்றாகப் பறவையியலாளர்கள் பட்டியலிடக் காரணம். ஏரியையும் கழிமுகத்தையும் அவர்கள் பிரிக்காமல் ஒரே இடமாகச் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை என்பதே அதன் பொருள்.

ஓய்மா நாட்டுக் கடற்கரை

இந்த நீர்வழி மனிதர்களையும் வெகு காலமாக வாழவைத்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். பாடியவர் நத்தத்தனார். அந்நூல் சொல்லும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. பாணர் வழியில் வரும் துறைமுகமான எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அதாவது, அந்தப் பழங்காலத்திலேயே திண்டிவனமும் மரக்காணமும் ஒரே நாட்டின் உள்நாட்டு ஊரும் கடற்கரை ஊருமாக இணைந்திருந்தன. அந்த இணைப்பின் நடுவில் இருந்த நீர்நிலம் இது.

கழிமுகத்தின் வடகரையில், இன்றைய செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள், ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் மரக்காணம்தான். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டிய மக்களின் உழைப்பு அந்தக் கால்வாயில் இருக்கிறது. துறைமுகம், கோட்டை, கால்வாய் எல்லாம் இங்கே வந்ததற்குக் காரணம் ஒன்றே: கடலிலிருந்து உள்ளே வர அலை அடிக்காத ஒரு நீர்வழி.

இன்றைக்கும் அந்த நீரை நம்பிப் பல தொழில்கள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் உப்பு மிகுதியாக விளையும் இடங்களில் மரக்காணமும் ஒன்று. மாசி தொடங்கி மழை வரும்வரை பாத்தியில் நின்று உப்பு வாரும் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில். இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், கழியில் வீச்சுவலை போடும் மீனவர்கள், வற்றிய கரையில் மாடு மேய்ப்பவர்கள், கோரை அறுப்பவர்கள், கரையோரம் நெல்லும் மணிலாவும் பயிரிடும் விவசாயிகள். சரணாலயம் என்று அறிவித்த அன்று இவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

அடைபட்ட வழிகள்

நன்னீர் வழியும் உப்பு வழியும் பல கைகளால் அடைபட்டிருக்கின்றன. அடைத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் விளைவு ஒன்றுதான்.

முதலில் இறால் பண்ணைகள். 1990-களில் தமிழகக் கடற்கரை முழுதும் பரவிய இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடுமையான தீர்ப்பைத் தந்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்யாத பண்ணை நடத்துவது சட்டவிரோதமானது. ஆனாலும் கழுவெளிக் கரையில் அனுமதியில்லாத பண்ணைகள் மீதான புகார்கள் ஓயவில்லை. பண்ணை என்றால் நாலு புறமும் கரை. கரை எழுந்த இடத்தில் ஓதம் பரவாது. அறுவடைக்குப் பின் வெளியேற்றும் கழிவுநீர், தீவனமும் மருந்தும் கலந்து, காட்டு இறாலும் மீன்குஞ்சும் வளரும் அதே நீரில் போய்ச் சேரும்.

அடுத்து, உப்பைத் தடுக்கும் ஆசை. கழுவெளிக்கு மேற்கிலுள்ள ஊர்களில் கிணற்று நீர் உப்பாகிவருகிறது என்பது உண்மையான துயரம். அதனால், கடல்நீர் ஏறாமல் குறுக்கே தடுப்பணை கட்டிக் கழுவெளியை முழு நன்னீர் ஏரியாக மாற்ற வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அந்தக் கோரிக்கையின் வேதனையை மதித்துக்கொண்டே சொல்ல வேண்டியது இது: நிலத்தடியில் உப்பு ஏறுவதற்குப் பெரிய காரணம் மேட்டில் ஆழ்துளைக் கிணறுகள் இறைப்பது. நன்னீரின் அழுத்தம் குறையும்போது கடல்நீர் நிலத்தடி வழியாகவே உள்ளே நகரும். மேலே எத்தனை உயர அணை கட்டினாலும் அது கீழே நகர்வதைத் தடுக்காது. மேல் ஏரிகளைத் தூர் வாரி, வரத்துக் கால்வாய்களை மீட்டு, மழைநீரை அங்கேயே மண்ணில் இறக்கினால் கிணறும் பிழைக்கும், மிச்ச நீர் கழுவெளிக்கும் வந்து சேரும். அணையை எழுப்பி ஓதத்தை நிறுத்தினால் மீன்குஞ்சு வராது, பூநாரை வராது. சம்பு மட்டும் முழு ஏரியையும் மூடும்.

பிறகு ஆக்கிரமிப்பு, சீமைக் கருவேலம், கள்ளவேட்டை. நீர் வற்றிய விளிம்பை உழுது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும் வயல்கள். கரையெங்கும் முள்காடாய் மண்டிய சீமைக் கருவேலம். குளிர்காலத்தில் வாத்துக்கும் உள்ளானுக்கும் வைக்கும் கண்ணி. இடையன்திட்டுக் கழிமுகத்தில் அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் பக்கம் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மீனவர்களுக்குப் படகு நிறுத்த நல்ல இடம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் முகத்துவாரத்தில் கல் கொட்டினால் மணல் ஓட்டம் மாறும். மணல் ஓட்டம் மாறினால் உள்ளே ஏறும் ஓதம் மாறும். பதினைந்து கிலோமீட்டர் உள்ளே நிற்கும் நாரைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும்.

நல்ல எண்ணத்தோடு செய்வதிலும் கவனம் வேண்டும். ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் இருந்த வெண்கண்டல் என்னும் அலையாத்திக் காடு இங்கே சிதைந்த திட்டுகளாகச் சுருங்கிவிட்டது. அதை மீட்பது அவசியம். ஆனால் அலையாத்தி முன்பு இருந்த ஓடைக்கரையில்தான் நட வேண்டும். திறந்த சேற்றுப்படுகை காலியாகத் தெரிகிறதே என்று அங்கே கன்று நட்டால், உள்ளான்களின் இலையை எடுத்துவிட்டு மரம் வைத்தது ஆகும்.

இரண்டு பாடங்கள்

பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. வேடந்தாங்கலில் துரைமார் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். காட்டுயிர்ச் சட்டம் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே நடந்தது இது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பறவை இருந்தால் விளைச்சல் கூடும் என்பது கண்ணெதிரே தெரிந்த கணக்கு. அதனால் பட்டாசு வெடிக்காமல் தீபாவளி கொண்டாடவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பாடம் ஒடிசாவின் சிலிகா. கழுவெளியைப் போலவே உவர்நீர் ஏரி, ஆனால் மிகப் பெரியது. அதன் கடல்வாய் மணலால் தூர்ந்து உப்பளவு குறைந்தது. களை மண்டியது, மீன் குறைந்தது. ஆபத்திலுள்ள சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1993-இல் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் ஏரிக்குப் புதிய கடல்வாய் வெட்டினார்கள். ஓதம் மீண்டும் உள்ளே வந்தது, களை பின்வாங்கியது, மீன்பிடி பல மடங்கு எழுந்தது. 2002-இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. வழியைத் திறந்தால் நீர் தானே வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அதே சிலிகாவின் வடகரையில் மங்கலஜோடி என்ற ஊர். ஒருகாலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர் அது. வேட்டையாடியவர்களே 2000-ஐ ஒட்டிப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். பறவை எங்கே தூங்கும், எங்கே முட்டையிடும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இன்று அவர்கள் இயந்திரம் இல்லாத, கழியால் தள்ளும் சிறு படகில் பயணிகளை நாணலுக்குள் அழைத்துப் போகிறார்கள். 2018-இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருதும் அந்த ஊருக்கு வந்தது.

வேடந்தாங்கலிலும் மங்கலஜோடியிலும் பறவையைக் காத்தது வேலி அல்ல. பறவையால் வாழ்வு கிடைத்த மனிதர்கள்தான் அதைக் காத்தார்கள்.

பொழுதுபோக்குக்கு எவ்வளவு இடம்?

விழுப்புரம் மாவட்டத்தில் விடுமுறைக்குப் போக இடமில்லை என்பார்கள். சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை கல்மரப் பூங்கா, அதே ஆற்றில் மயிலத்துக்கு அருகே வீடூர் அணை, புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஊசுட்டேரி, இப்போது கழுவெளி என ஒரு நீர்வழிச் சுற்றுலாவுக்கு வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறது. கேள்வி எந்த மாதிரியான சுற்றுலா என்பதுதான்.

விசைப்படகு, வண்ண விளக்கு, ஒலிபெருக்கி, கான்கிரீட் நடைபாதை என்ற வழக்கமான அச்சில் கழுவெளியை வார்க்கக் கூடாது. ஆழமற்ற நீரில் விசைப்படகு போனால் சேறு கலங்கும், மேயும் பறவை எழும்பும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டப்பட்டு எழும்பும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு கரைகிறது. ஆகவே எல்லை எளிது: மனிதர் கரையில், பறவை நீரில். நன்னீர்ப் படுகையில் படகே வேண்டாம். ஆலம்பரைப் பக்கம் கழிமுகத்தில் மீனவர்கள் ஏற்கெனவே பயணிகளைப் படகில் அழைத்துப் போகிறார்கள். படகுப் பயணம் அங்கேயே, அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

கரையில் செய்யக்கூடியது நிறைய. கோரையால் வேய்ந்த மறைவிடங்கள், சில காட்சிக் கோபுரங்கள், நல்ல தொலைநோக்கி, தமிழில் எழுதிய பறவைப் பலகைகள், கரைமேல் மிதிவண்டிப் பாதை. வழிகாட்டிகள் சென்னையிலிருந்து வர வேண்டாம். கந்தாடு, வண்டிப்பாளையம், கூனிமேடு, அனுமந்தை ஊர்களின் இளைஞர்களும், குறிப்பாக இருளர் வீட்டுப் பிள்ளைகளும் பயிற்சி பெற்று, ஊதியத்தோடு, அடையாள அட்டையோடு அந்த வேலையைச் செய்யட்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு கரையோர ஊராட்சிகளுக்குப் போகட்டும். உப்பளத்து வேலையைக் காட்டுவதும், உப்பளப் பெண்கள் சமைத்த மீன் குழம்பைப் பரிமாறுவதும் இந்தச் சுற்றுலாவின் பகுதிதான். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இருக்காது. பறவை வருவதும் அந்த மாதங்களில்தான். இரண்டு பருவங்களும் இப்படிப் பொருந்தியிருப்பது கைக்கு வந்த வாய்ப்பு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வகுப்பறை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தை மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுதும் நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பள்ளிகள் அந்த நான்கு நாட்களில் ஒரு காலைப் பொழுதைக் கழுவெளிக்குக் கொடுத்தால், இருபது ஆண்டில் இந்த மாவட்டத்துக்கென்று ஒரு பறவைப் பதிவேடு பிள்ளைகள் கையாலேயே உருவாகிவிடும்.

போகிறவர்களுக்கு

பருவம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கடும் மழைக்குப் பிறகு நீர் சற்று இறங்கும் நேரம் இன்னும் நல்லது, ஏனென்றால் சேற்றுவிளிம்பு வெளிப்படும்.

நேரம்: விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம், அல்லது மாலை நான்குக்கு மேல்.

வழி: திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலை. புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலை. கழுவெளியோடு ஆலம்பரைக் கோட்டையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். திரும்பும் வழியில் திருவக்கரைக்குத் திருப்பினால், இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரங்களைக் காணலாம்.

எடுத்துப் போக: தொலைநோக்கி, தொப்பி, தண்ணீர். உடை மண்ணின் நிறத்தில் இருக்கட்டும்.

தவிர்க்க: ட்ரோன், பாட்டுப் பெட்டி, பறவையை எழுப்பிப் படமெடுக்கும் ஆசை. உப்பளப் பாத்திகளில் கேட்காமல் கால் வைக்காதீர்கள், அது ஒருவரின் நாள் கூலி. கண்ணியோ வலையோ கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஓரிடத்தைச் சரணாலயமாக்கும் எண்ணத்தை அரசு அறிவித்த பிறகு, அங்கே மக்களுக்குள்ள உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்க்க வேண்டும். மேய்ச்சல், மீன்பிடி, வழிநடை எல்லாம் அதில் அடங்கும். இதை வெறும் கோப்பு வேலையாகப் பார்க்கக் கூடாது. எந்த ஊர் எந்த மாதத்தில் எந்த இடத்தில் எப்படி மீன் பிடிக்கலாம், மாடு எங்கே இறங்கலாம் என்பது ஊர்க்கூட்டத்தில் பேசி, தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். உரிமை எழுத்தில் இருந்தால்தான் அதை மீறுகிற பெரும் பண்ணைக்காரரை ஊரே தடுக்கும். வேடந்தாங்கல் ஊரார் 1798-இல் கேட்டுப் பெற்றது அதைத்தான்.

அதோடு, பறவைகள் மையத்துக்கு முதல் செங்கல் வைப்பதற்கு முன் கழுவெளியின் நீர்க்கணக்கு வெளியிடப்பட வேண்டும். மேற்கே எத்தனை வரத்துக் கால்வாய்கள் திறந்திருக்கின்றன, எத்தனை அடைபட்டிருக்கின்றன, உப்புக்கல்லி ஓடையில் எங்கெங்கே கரை எழுந்திருக்கிறது, மாதம்தோறும் எந்த இடத்தில் உப்பளவு எவ்வளவு என்பது அந்தக் கணக்கு. வனத்துறை, நீர்வளத்துறை, மீன்வளத்துறை மூன்றும் இன்று மூன்று வரைபடங்களை வைத்துக்கொண்டு வேலை செய்தால் கழுவெளிக்கு மூன்று முதலாளிகள், ஆனால் பாதுகாவலர் ஒருவரும் இல்லை. ஒரே வரைபடம், ஒரே நீர்க்கணக்கு, அதில் கரையோர ஊர்களின் பிரதிநிதிகளுக்கும் ஓர் இருக்கை. இதற்குக் கோடிகள் தேவையில்லை.

ராம்சார் தகுதி நமக்குத் தந்தது ஒரு கௌரவம். கூடவே ஒரு வாக்குறுதியையும் நம்மிடமிருந்து வாங்கியிருக்கிறது: இந்தச் சதுப்பின் இயல்பு மாறாமல் காப்போம் என்று. கழுவெளியின் இயல்பு என்பது மழையும் கடலும் கலக்கும் நீர். திண்டிவனத்துக்காரர் ஒவ்வொருவரும் தம் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா என்று இந்த ஐப்பசிக்கு முன் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அடைபட்டிருந்தால் கிராம சபையில் கேட்கட்டும். கழுவெளியைக் காக்கும் வேலை அந்தக் கால்வாயிலிருந்து தொடங்குகிறது.